‘முன்பு வளர்த்த நாயைக் கைவிட்டதுண்டா?’: சித்தாண்டியிலிருந்து ஒரு லாப்ரடோர் தேடல்

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. வீடு சொந்தமா வாடகையா, மதில் உண்டா, வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள் என்று பதின்மூன்று கேள்விகளைக் கடந்து வந்தபின் பதினான்காவதில் நின்றுவிட்டேன். ‘இதற்கு முன்னர் வளர்த்த பிராணி எதையேனும் கைவிட்டிருக்கிறீர்களா? ஆம் எனில், காரணம்?’ ஆம், இல்லை என்று இரண்டு சிறிய பெட்டிகள். காரணம் எழுத ஒரேயொரு வரி.

கொழும்பை அண்டிய பகுதியில் கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடிக்கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றின் படிவம் அது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக நான் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் இருந்த அம்மம்மா இந்தக் கேள்வியைக் கேட்டதும் எழும்பி உள்ளே போய்விட்டார்.

2025 தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்கிய தேடல் இது. ஒரு நாய்க்குட்டி தேடுவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று நானும் அப்போது நினைத்திருந்தேன். ஆறு வாரத்தில் சந்தை, சட்டம், சுகாதாரக் கொள்கை, வெள்ளம், போர் எல்லாம் அந்தக் குட்டியின் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

சார்லி வேண்டும்

அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. 2022இல் கன்னடத்தில் எடுக்கப்பட்டு தமிழிலும் வெளியான ‘777 சார்லி’ படத்தைக் கைபேசியில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு லாப்ரடோர் வேண்டும். வேறு நாய் வேண்டாம். லண்டனில் இருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிவிட்டான். மாமா எனக்கு அழைத்தார். “நல்ல சாதிக் குட்டியாப் பாருங்க மகள், காசு நான் போடுறன். நீங்கதானே இன்டர்நெட்டில தேடத் தெரிஞ்ச ஆள்.”

சாதி நாய், ஊர் நாய் என்றுதான் நாங்கள் பிரித்துப் பேசுகிறோம். மனிதரைப் பிரிக்கும் சொல்லை நாய்க்கும் கொடுத்திருக்கிறோம். அந்தப் படத்தையும் பலர் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் வரும் சார்லி, குட்டிகளைப் போட்டு விற்பதற்காகவே நாய்களை அடைத்து வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து தப்பி ஓடி வந்த நாய். நெருங்கிய உறவு நாய்களை இணைத்து இனப்பெருக்கம் செய்ததால் வந்த நோயைச் சுமந்து திரிகிறது. இந்த வியாபாரத்தைப் பற்றிய எச்சரிக்கையாக எடுத்த படமே இந்த வியாபாரத்துக்கு விளம்பரமாகிவிட்டது.

“மாட்டுக்கு மேய நிலமில்லை எண்டு சனம் றோட்டில இருந்த ஊர், உங்களுக்கு லாப்ரடோரா?” என்று செங்கலடியில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மயிலத்தமடு, பெரியமாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது இந்தச் சித்தாண்டியில்தான். ஆனால் அந்தப் போராட்டமே, ஒரு குடும்பத்தின் வாழ்வும் அது வளர்க்கும் பிராணியின் வாழ்வும் ஒரே நிலத்தில் கட்டுண்டவை என்பதைத்தான் சொன்னது. வீட்டு நாயும் அந்தக் கணக்கில் வரும்.

இன்னொன்றும் உண்டு. என் வயதில் இருக்கும் பலருக்கு லாப்ரடோர் என்ற பெயரே தெரியாமல் அந்த நாயைத் தெரியும். பேருந்தை விட்டு இறங்கி, பைகளை வரிசையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்த மோப்ப நாய் அது. பையை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த பைக்குப் போகும். அதற்கு எங்களில் கோபம் ஒன்றுமில்லை என்பது சின்ன வயதிலேயே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெடிபொருள் தேடவும், பார்வையற்றோருக்கு வழிகாட்டவும் உலகெங்கும் இந்த இனத்தைப் பயன்படுத்துவதற்குக் காரணம் கூர்மையான மூக்கும் மனிதருடன் ஒட்டிப் பழகும் குணமும்தான். பெயர் லாப்ரடோர் என்றாலும் அதன் பூர்வீகம் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய். பிரித்தானியாவில் வளர்த்தெடுக்கப்பட்டு 1903இல் அங்குள்ள கெனல் கிளப்பால் தனி இனமாக ஏற்கப்பட்டது. குளிர்ந்த கடலில் நீந்துவதற்கான இரட்டை உரோமம் அதற்கு. மட்டக்களப்பு வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் கட்டிப்போட்டால் தாங்காது.

விற்பவர்கள்

இணைய விளம்பரப் பக்கங்களிலும் முகநூல் குழுக்களிலும் லாப்ரடோர் குட்டிகளுக்குக் குறைவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் நாற்பதாயிரத்தில் தொடங்கின. இனப்பதிவுப் பத்திரம் இருந்தால் அதன் இரு மடங்குக்கு மேல். முதலில் பேசிய விற்பனையாளர் அழகான மஞ்சள் குட்டியின் படத்தை அனுப்பி, பத்தாயிரம் முற்பணம் வங்கியில் போட்டால் குட்டியை பஸ்ஸில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். ஊடகக் கற்கையில் நான் படித்தவற்றில் வீட்டுக்குப் பயன்பட்டது ஒன்றுதான். படத்தை இணையத்தில் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். அதே குட்டி, அதே சிவப்புப் பாயில், வேறொரு நாட்டின் பக்கத்தில் சில வருடங்களுக்கு முன்பே இருந்தது. காணொளி அழைப்பில் குட்டியைக் காட்டச் சொன்னேன். அதன்பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

இரண்டாவது ஆள் உண்மையான ஆள். மேற்குக் கரையோர நகரம் ஒன்றில் இருந்தார். வேறு வேலையாகக் கொழும்புக்குப் போனபோது நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டின் பின்புறம் கம்பிக் கூடுகள். ஒன்பது குட்டிகள். தாய் நாயைக் காட்டுங்கள் என்றேன். “தாய் எங்கட சகோதரன்ட வீட்டில” என்றார். அப்படியென்றால் குட்டிகள் பால் குடிப்பது எப்படி என்று கேட்டேன். பதில் வரவில்லை. எட்டு வாரம் என்று அவர் சொன்ன குட்டிகள் இன்னும் தள்ளாடித்தான் நடந்தன. தடுப்பூசி அட்டை கொடுத்தார். அதில் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும் இல்லை, மிருக வைத்தியரின் முத்திரையும் இல்லை. கூட்டுக்குள் ஒரு குட்டி மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது. “அது நித்திரை” என்றார்.

அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். அந்தப் பணம் அதே தாய் நாயை அடுத்த ஈற்றுக்கு அனுப்பும் என்று தெரிந்தபின் கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இதை எழுதும்போதும் அந்த முடிவு சரியா என்று எனக்குள் ஒரு முரண்டு இருக்கிறது.

பிறகு ஒரு மிருக வைத்தியரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டவற்றை, வாங்கத்தான் போகிறேன் என்று இருப்பவர்களுக்காக இங்கே தருகிறேன். குட்டியைத் தாயுடன், பிறந்த இடத்திலேயே பாருங்கள். தாய் பயந்து ஒடுங்குகிறதா, எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போடப்பட்டு, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம்வரை தொடரப்பட வேண்டும். ‘ஊசி போட்டாச்சு’ என்ற சொல் போதாது, அட்டையில் ஒட்டுத்தாள், திகதி, கையொப்பம் மூன்றும் இருக்க வேண்டும்.

லாப்ரடோருக்கென்று பரம்பரை நோய்கள் உண்டு. இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது, கண்ணின் விழித்திரை படிப்படியாக மங்குவது என்பவை முக்கியமானவை. தாய் தந்தையின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தீர்களா, கண்ணைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். நாட்டின் ஒரேயொரு மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலையிலோ வசதியுள்ள தனியார் சிகிச்சை நிலையத்திலோ இதை விசாரிக்கலாம். பலரும் நம்பிக் காசு கொடுக்கும் இனப்பதிவுப் பத்திரம், குட்டியின் தாய் தந்தை யார் என்பதைத்தான் சொல்லும். ஆரோக்கியத்தைச் சொல்லாது.

இன்னொன்று பசி. லாப்ரடோர் எந்நேரமும் சாப்பாடு கேட்பதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒரு மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடோரில் அந்த மாற்றம் இருக்கிறது. நன்கு வளர்ந்த நாய் முப்பது கிலோ வரும். பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். லண்டன் மாமாவின் காசு குட்டியை வாங்கப் போதும். பத்து வருடச் சாப்பாட்டுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் ஊசிக்கும் இங்கே இருப்பவர்தான் பொறுப்பு.

சட்டம் எதைப் பார்க்கிறது?

அந்தக் கம்பிக் கூடுகளைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்று தேடினேன். நாய் தொடர்பாக நம்மிடம் இருக்கும் சட்டங்களின் ஆண்டுகளைப் பாருங்கள். விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901. பிராணிகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907. மூன்றும் வெள்ளைக்காரர் காலத்தவை. கடைசியாகச் சொன்ன சட்டத்தின்கீழ் விதிக்கக்கூடிய அதிகபட்சக் குற்றப்பணம் நூறு ரூபாய். இன்று அது ஒரு தேநீர்க் காசு. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அமைச்சரவைகள் மாறின, ஜனாதிபதிகள் மாறினார்கள், அந்த வரைவு மட்டும் சட்டமாகாமல் இழுபட்டே வந்திருக்கிறது.

அரசு நாயைப் பார்த்தது பெரும்பாலும் விசர்நோயின் கண்ணாடி வழியாகத்தான். அதில் கிடைத்த வெற்றியை மறுக்க முடியாது. 1973இல் 377 பேர் இந்த நோயால் இறந்த நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியது. நாய்களுக்கான விசர் ஊசியை அரசு இலவசமாகப் போடுகிறது. கடிபட்டவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் கொள்கையாயின. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்தக் கண்ணாடிக்குள் தெருவில் நிற்கும் நாய் தெரிகிறது. விற்பனைக்காகக் கூட்டுக்குள் குட்டி போடும் நாய் தெரிவதில்லை. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ‘லூசியின் சட்டம்’ நடைமுறையில் இருக்கிறது. குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயர் அதற்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்ப்பவர் தாயுடன் காட்டித்தான் விற்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்பு இல்லத்தில் தத்தெடுக்க வேண்டும். பிரித்தானியக் கெனல் கிளப் ஒரு தாயின் நான்கு ஈற்றுக்குமேல் பதிவு செய்வதில்லை. தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளையும் பதிவதில்லை. லண்டனில் மாமா ஒரு குட்டி வாங்கினால் இத்தனை கேள்விகள் அவருக்காக ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கும். அவரது காசு இங்கே வரும்போது அந்தக் கேள்விகள் கூட வருவதில்லை. வாங்குபவர்தான் பரிசோதகர், வாங்குபவர்தான் நீதிபதி.

தத்து என்னும் வழி

ஆகவே தத்தெடுப்பதென்று திரும்பினேன். மகனுக்கு முகம் சுருங்கியது. “தத்தெடுக்கிற இடத்தில லாப்ரடோர் இருக்காது சித்தி.”

பெரும்பாலும் உண்மைதான். ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க், நீர்கொழும்பில் இயங்கும் டோக்ஸ்டார், கண்டியில் இயங்கும் காக்போ போன்றவை முதன்மையாகத் தெருநாய்களுக்காக உழைப்பவை. வடக்கில் சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நாய்களுக்கான சரணாலயம் நடத்துகிறது. எங்கள் மாவட்டத்தில் தனியாட்கள் சிலர் தங்கள் செலவில் அடிபட்ட நாய்களைத் தூக்கிப் பராமரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் முதல் வேலை மாடும் ஆடும் கோழியும். அது தவறில்லை, ஊரின் பிழைப்பு அதில் இருக்கிறது.

ஆனால் 2022 ஒரு விடயத்தை மாற்றியது. பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அதன் பின்னரும் குடும்பத்தோடு குடிபெயர்வது நிற்கவில்லை. நாய் உணவின் விலை ஏறியது. ஆசைக்கு வாங்கிய சாதி நாய்கள் பல வீடுகளில் சுமையாயின. மீட்புக் குழுக்களின் பக்கங்களில் ஊர் நாய்களுக்கிடையே லாப்ரடோர்களும் ஜேர்மன் ஷெப்பர்டுகளும் தோன்றத் தொடங்கின. ‘உரிமையாளர் நாட்டை விட்டுச் செல்கிறார்’ என்ற வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை.

அந்தப் பக்கங்களில் ஒன்றில்தான் அவள் இருந்தாள். நான்கு வயது, மஞ்சள் பெண் லாப்ரடோர். கருத்தடை செய்யப்பட்டவள், ஊசிகள் முழுமை. வளர்த்த குடும்பம் அவுஸ்திரேலியா போய்விட்டது. ஒரு சிறு குறை, இடது காதில் அடிக்கடி வரும் புண். குட்டியல்ல என்பதுதான் மகனின் பெரிய ஏமாற்றம். ஆனால் குட்டியிடம் தெரியாதவை பல, வளர்ந்த நாயிடம் தெரிந்துவிடும். எவ்வளவு பெரிதாகும், பிள்ளைகளோடு எப்படி, மூட்டு எப்படி என்பதையெல்லாம் பார்த்தே முடிவெடுக்கலாம். எட்டு வாரக் குட்டிக்கு இரவும் பகலும் ஆள் வேண்டும். அக்கா வேலைக்குப் போகிறாள், மகன் பள்ளிக்குப் போகிறான், நான் பாதி நாள் வெளியில். வீட்டில் இருப்பது அம்மம்மா. ஆகவே அம்மம்மாவின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது.

பதினான்காவது கேள்வி

எங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடமாக நாய் இல்லை. வேலியைத் தாண்டி வரும் ஊர் நாய்களுக்கு மிச்சச் சோறு வைப்பார், ஆனால் எதற்கும் பெயர் வைக்கவிடமாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அன்று படிவத்தை மூடிவிட்டு உள்ளே போய்க் கேட்டேன்.

“நாய் வளக்கிறது பெரிய வேலையில்ல புள்ள. ஓடுற நேரத்தில அத என்ன செய்யப்போற எண்டு முதல்ல சொல்லு” என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

1990. ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஆவணியில் ஊர் கலைந்தபோது நான் ஏழு மாதக் குழந்தை. எல்லோரும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனார்கள். வீட்டில் ஒரு நாய் இருந்தது. கோழியைத் துரத்தும் என்பதால் பகலில் மாமரத்தில் கட்டி வைப்பார்களாம். “பின்னேரம் வந்திருவம் எண்டுதானே போனம். கயித்த அவுக்கல்ல.” பின்னேரம் வரவில்லை. அந்த முகாமிலிருந்துதான் செப்டெம்பர் 5 அன்று 158 பேர் அழைத்துச் செல்லப்பட்டு காணாமலாக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் ஒரு நாயைப் பற்றிப் பேசக்கூடிய நிலையில் இல்லை. மனிதரைத் தேடிக்கொண்டிருந்த ஊரில் நாயைப் பற்றி அழுவது வெட்கம் என்று அம்மம்மா நினைத்திருக்கிறார். அதனால் முப்பத்தைந்து வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது மரத்தடியில் என்ன பார்த்தார் என்பதை என்னிடமும் சொல்லவில்லை.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு நாய் இருந்திருக்கும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களுக்கு, 2007இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்தவர்களுக்கு, 2009இல் ஒவ்வொரு பதுங்குகுழியாக விட்டுவிட்டு கடைசியில் எல்லாவற்றையும் விட்டவர்களுக்கு. கொஞ்சத்தூரம் பின்னால் ஓடிவந்து நின்ற நாய், படகில் ஏற்றாத நாய். நாம் இழந்தவற்றின் பட்டியலை எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன் சொல்லியிருக்கிறோம். ஆடு, மாடு, உழவு இயந்திரம், வீடு எல்லாம் படிவத்தில் வரும். நாய்க்கு ஒரு நிரல் இருந்ததில்லை. அதைப் பற்றி முதன்முதலாகக் கேட்டது கொழும்பிலிருந்து வந்த ஒரு தத்தெடுப்புப் படிவம்.

அந்தக் கேள்வி எங்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. வீடு மாறும்போது, அலுத்துப்போகும்போது நாயை வீதியில் விடுபவர்களைப் பிடிக்க எழுதப்பட்டது. ஆனாலும் அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி சரியான கேள்வி. ஓட வேண்டிய நாளில் இந்த நாய் எங்கே இருக்கும்? போர் முடிந்தாலும் அந்த நாள் முடியவில்லை. 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பில் வெள்ளம் வந்தது. சித்தாண்டி தாழ்ந்த நிலம், மழை கூடினால் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். பாடசாலைகளில் அமைக்கப்படும் இடைத்தங்கல் முகாம்களில் நான் செய்தி சேகரித்திருக்கிறேன். பிராணிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு மூலையை நான் எங்கும் பார்த்ததில்லை. நாயை விட்டு வரமாட்டேன் என்று வீட்டுக்கூரையில் இருந்த ஒரு முதியவரை அதிகாரிகள் திட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது, வளர்ப்புப் பிராணியை விட்டு வர மறுத்துப் பலர் வெள்ளத்துக்குள் தங்கினார்கள், சிலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதியுதவி பெற வேண்டுமானால், மாநிலங்களின் அனர்த்தத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளை வெளியேற்றும் ஏற்பாடும் இருக்க வேண்டும். பிராணிகள்மீதான இரக்கத்துடன், மனிதர் உயிரைக் காப்பாற்றும் கணக்கும் அதில் இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் மாவட்டச் செயலகத்தில் கூடும் கூட்டங்களில் இந்த ஒரு விடயத்தைச் சேர்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மேட்டுநிலத்தில் ஒரு கொட்டில், கொஞ்சம் கயிறு, ஒரு கால்நடை வைத்தியரின் தொலைபேசி இலக்கம் போதும். மாட்டுக்கும் அது உதவும்.

எழுதிய பதில்

‘ஆம்’ என்ற பெட்டியில் குறியிட்டேன். காரணம் என்ற வரியில் ‘1990, இடம்பெயர்வு’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று நாளுக்குப் பிறகு அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் அழைத்தார். என்னுடைய சிங்களமும் அவருடைய கொஞ்சத் தமிழும் போதுமாக இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது கைவிட்டது இல்லையே, நீங்கள் ‘இல்லை’ என்றே போட்டிருக்கலாம்” என்றார். அதை அப்படியே அம்மம்மாவிடம் சொன்னேன்.

“இல்ல. விட்டிட்டுத்தான் வந்தது. ஆம் எண்டே இருக்கட்டும்” என்றார்.

அவசர நேரத்தில் நாயைப் பொறுப்பேற்பவர் யார் என்ற பதினெட்டாவது கேள்விக்குப் பதிலை அம்மம்மாவே சொன்னார். அக்காவின் மாமியார் வீடு செங்கலடியில் மேட்டில் இருக்கிறது. அந்த மாமியாரிடம் தொலைபேசியில் பேசி, மழை கூடினால் முதல் நாளே நாயைக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் பெயரை எழுதச் சொன்னார். லண்டன் மாமாவின் காசில் வேலியின் கீழ்ப்பகுதிக்குக் கம்பிவலை அடித்தோம், ஒரு பகுதி காது மருந்துக்குப் போனது. குட்டிக்குக் கேட்ட விலையில் பாதிகூடச் செலவாகவில்லை என்றபோது மாமாவுக்குச் சந்தேகம். “உண்மையான லாப்ரடோர்தானே?” என்று கேட்டார்.

மாசி மாதக் கடைசியில், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வானில் வந்து, பின்னேரம் இறங்கினாள். வரும் வழியில் இரண்டு தடவை சத்தி எடுத்திருந்தாள். மகன் சார்லி என்று கூப்பிட்டான், திரும்பவில்லை. பழைய பெயரைச் சொன்னதும் வாலை ஆட்டினாள். அந்தப் பெயரே இருக்கட்டும் என்று அவனே முடிவு செய்தான். கொண்டுவந்த தன்னார்வலர் ஒரு கழுத்துப்பட்டியும் சங்கிலியும் தந்துவிட்டுப் போனார். கழுத்துப்பட்டியை அம்மம்மா வாங்கிக்கொண்டார். சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

நாய் வாங்க அல்லது தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதற்கு முன்னால், ஓடுகிற நாளில் அது யாருடன் போகும் என்பதற்கு ஒரு பெயரையும் ஒரு விலாசத்தையும் எழுதி வையுங்கள். அதை எழுத முடியாவிட்டால் குட்டிக்கு முற்பணம் போடாதீர்கள். அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு: குட்டி விற்பவரைப் பதிந்து பரிசோதிக்கும் ஒரு சட்டம், கிழக்கின் கிராமங்களுக்கும் ஒழுங்காக வரும் கருத்தடை முகாம், அனர்த்தத் திட்டத்தில் பிராணிகளுக்கு ஓர் இடம். மீட்புக் குழுக்களிடம் கேட்பது சின்ன விடயம், அந்தப் படிவம் தமிழிலும் வேண்டும். எங்களுக்கு வந்த படிவத்தின் இருபத்திரண்டு கேள்விகளையும் தமிழாக்கி அந்தக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். பதினான்காவது கேள்விக்குக் காரணம் எழுத ஒரு வரிக்குப் பதிலாக ஐந்து வரி விட்டிருக்கிறேன்.